தரிசனம்: கண்டதா, கேட்டதா?

பைபிளில் ஏசாயா என்ற தீர்க்கதரிசியின் புத்தகத்தின் முதல் வசனம், இது ஏசாயா 'கண்ட தரிசனம்' என்கிறது. சரி, என்ன கண்டார் என்று அடுத்த வசனத்துக்குப் போனால், 'வானங்களே, கேளுங்கள்' என்று இருக்கிறது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை, காதுக்குத்தான் வேலை.

குழப்பம் ஏசாயாவிடம் இல்லை, நம் சொல்லில் இருக்கிறது. தரிசனம் வடமொழியின் தர்சனம். பார்த்தல் என்பதே அதன் வேர்ப்பொருள். திருஷ்டியும் அந்த வேரில் பிறந்ததுதான். மூலத்தில் உள்ள எபிரேயச் சொல் ஹாஸோன். அதுவும் காண்பது என்ற வினையிலிருந்து வந்ததே. ஆனால் கடவுளிடமிருந்து தீர்க்கதரிசிக்கு வருவது உருவமாக இருந்தாலும் வெறும் வார்த்தையாக இருந்தாலும் ஹாஸோன்தான். இன்னொரு வேறுபாடும் உண்டு. கோயில் தரிசனத்துக்கு நாம் தேடிப் போகிறோம். தீர்க்கதரிசிக்கோ அது காட்டப்படுகிறது. பெரும்பாலும் அவர் எதிர்பாராத நேரத்தில்.

'தீர்க்கதரிசி' என்ற சொல்லுக்குள்ளும் இதே தரிசனம் ஒளிந்திருக்கிறது: நெடுந்தூரம் பார்ப்பவர். இதற்கான கிரேக்கச் சொல்லோ பேசுபவரைக் குறிக்கிறது. அந்த வகையில் திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பின் 'இறைவாக்கினர்' கிரேக்கத்துக்கு நெருக்கம். அதற்காகப் பழைய மொழிபெயர்ப்பைக் குறை சொல்லவும் முடியாது. முற்காலத்தில் இவர்களை 'ஞானதிருஷ்டிக்காரன்' என்றே அழைத்தார்கள் என்று 1 சாமுவேல் 9:9 சொல்கிறதே!

அப்புறம், அடையாளங்கள். ஆமோஸ் 8-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் ஒரு பழக்கூடையைக் காட்டி, 'என்ன காண்கிறாய்?' என்று கேட்கிறார். பழக்கூடை என்கிறார் ஆமோஸ். உடனே, இஸ்ரவேலுக்கு முடிவு வந்தது என்று தீர்ப்பு. பழத்துக்கும் முடிவுக்கும் என்ன தொடர்பு? எபிரேயத்தில் கோடைப் பழம் 'காயிட்ஸ்', முடிவு 'கேட்ஸ்'. சிலேடை! எரேமியா 1-ஆம் அதிகாரத்திலும் இப்படித்தான். வாதுமை 'ஷாக்கேத்', விழித்துக் கவனிப்பது 'ஷோக்கேத்'. அவர் கண்டது வாதுமைக் கிளை; கிடைத்த செய்தி, என் வார்த்தை நிறைவேறும்படி விழித்திருக்கிறேன் என்பது. படத்தை மட்டும் வைத்துக்கொண்டு கூடைக்கு ஒரு பொருள், கிளைக்கு ஒரு பொருள் என்று தேடினால் ஒன்றும் தேறாது. பூட்டு படத்தில், சாவி ஒலியில். தமிழில் அந்த ஒலி போய்விடுகிறது. ஆமோஸின் கூடை மட்டும் நமக்கு ஓரளவு தப்பிப் பிழைக்கிறது. தளர்ந்த முதியவரைப் 'பழுத்த பழம்' என்று நாமும் சொல்கிறோம் அல்லவா?

பல இடங்களில் விளக்கமும் காட்சியோடு சேர்ந்தே வருகிறது. தானியேல் 8-இல் இரண்டு கொம்புள்ள ஆட்டுக்கடா மேதிய, பெர்சிய அரசர்கள், வெள்ளாட்டுக்கடா கிரேக்க அரசன் என்று காபிரியேல் என்ற தேவதூதனே சொல்லிவிடுகிறார். எசேக்கியேல் 37-இன் உலர்ந்த எலும்புகள் இஸ்ரவேல் வம்சம் என்பதும் அங்கேயே இருக்கிறது. இருந்தும் புதுப்புது விளக்கம் சொல்ல ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். சகரியாவைப் பாருங்கள்: ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட, 'இவைகள் என்ன?' என்று தேவதூதனிடம் கேட்கிறார். கண்டவருக்கே கேட்க வேண்டியிருந்தது.

இப்போது சபைகளில் 'என் தரிசனம்' என்றால் எதிர்காலத் திட்டம் என்று ஆகிவிட்டது. அதற்கு நீதிமொழிகள் 29:18-ஐ ஆதாரமாகக் காட்டுவார்கள். 'தீர்க்கதரிசனமில்லாத இடத்தில் ஜனங்கள் சீர்கெட்டுப்போவார்கள்' என்ற அந்த வசனத்தில் உள்ளதும் ஹாஸோன்தான். வசனத்தின் பின்பாதி வேதத்தைக் கைக்கொள்வதைப் பேசுகிறது; திட்டம் தீட்டுவதை அல்ல.

சரி, தமிழ்ச் சொல்? காட்சி. ஆள், ஆட்சி ஆனதுபோல் காண், காட்சி ஆனது. திரைப்படக் கொட்டகையில் கேட்டுக் கேட்டு அது இலேசாகத் தோன்றலாம். ஆனால் 'யாதும் ஊரே' பாட்டிலேயே 'திறவோர் காட்சியின் தெளிந்தனம்' என்று வருகிறது; அறிவுடையோர் கண்டுணர்ந்தது என்ற பொருளில். வள்ளுவரின் 'மாசறு காட்சி'யும் வெறும் கண்பார்வை அல்ல. ஏசாயாவின் முதல் வசனத்தில் இந்தச் சொல்லை வைத்துப் பார்த்தால், அடுத்து வரும் 'கேளுங்கள்' அவ்வளவாக இடறுவதில்லை.