கன் கன்ட்ரோல் என்றால் துப்பாக்கித் தடையா?

அமெரிக்காவில் எங்காவது துப்பாக்கிச் சூடு நடந்தால் போதும், இரண்டே நாளில் ‘துப்பாக்கித் தடைச் சட்டம் கொண்டுவரக் கோரிக்கை’ என்று நம் செய்திகளில் வந்துவிடும். கோருகிறவர்கள் சொன்னது ‘கன் கன்ட்ரோல்’. கன்ட்ரோல் எந்த அகராதியில் தடையானது?

முதலில் துப்பாக்கி. துருக்கி, பாரசீக மொழிகளின் பக்கமிருந்து படைகளோடு வந்த சொல். ஈழத்தில் வழங்கும் ‘துவக்கு’ம் அதே வழியில் வந்ததே. திருக்குறளிலேயே துப்பாக்கி இருக்கிறது என்பவர்கள் பன்னிரண்டாம் குறளைப் பிரித்துப் படிக்கவேண்டும். அது துப்பு ஆக்கி, அதாவது உணவை ஆக்கி. சுடுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. தனித்தமிழில் ‘சுடுகலன்’ உண்டு. ரைபிள், ஷாட்கன், பிஸ்டல் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் சட்ட வாசகத்துக்கு அது நல்ல சொல். செய்திக்குத் துப்பாக்கியே போதும். இதில் சண்டை வேண்டாம். சண்டை பின்னால் வரும் ‘தடை’யோடுதான்.

தமிழில் ஒரு பெயரோடு ‘தடைச் சட்டம்’ சேர்ந்தால் என்ன பொருள்? வரதட்சணைத் தடைச் சட்டம்: வரதட்சணை வாங்குவதே குற்றம். அளவாக வாங்கலாம், உரிமத்தோடு வாங்கலாம் என்ற பேச்சே அதில் இல்லை. துப்பாக்கித் தடைச் சட்டம் என்றால் துப்பாக்கியும் அந்த வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் வயது வரம்பு, தேர்வு, பதிவு, வேக எல்லை எல்லாம் இருக்கின்றன. அதை யாரும் ‘வாகனத் தடைச் சட்டம்’ என்பதில்லையே.

அமெரிக்கச் சட்டங்களை எடுத்துப் பாருங்கள். 1968-இன் சட்டத்துக்குப் பெயரே துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். விற்பவருக்கு உரிமம் வேண்டும், குற்றத் தண்டனை பெற்றவர் போன்ற சிலருக்கு விற்கக்கூடாது என்பவை அதன் சாரம். 1993-இன் பிரேடி சட்டம் வாங்குகிறவரின் பின்னணியைச் சோதிக்கச் சொன்னது. இன்று கடையில் வாங்குகிறவர் ஒரு படிவம் நிரப்புகிறார், கடைக்காரர் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யிடமோ மாநில அமைப்பிடமோ கேட்கிறார். வாங்குகிறவர் 21 வயது நிரம்பியவரானால், மூன்று வேலை நாளில் பதில் வராதபோது கூட்டாட்சிச் சட்டப்படி கடைக்காரர் விற்றுவிடலாம். கடை நடத்தாத தனியாள் தன் மாநிலத்துக்காரருக்கு விற்றால் அந்தச் சோதனைகூடக் கட்டாயமில்லை. சில மாநிலங்கள் மட்டும் தம் சட்டத்தால் அதைக் கட்டாயமாக்கியுள்ளன. அங்கே பல ஆண்டுகளாக நடக்கும் சண்டையில் பெரும்பங்கு இந்த ஓட்டையை அடைப்பதா வேண்டாமா என்பதுதான். அதைப்போய்த் ‘தடை கோரிப் போராட்டம்’ என்று எழுதினால், படிப்பவர் ‘ஒரு தடை போட இவ்வளவு தயக்கமா, இந்த அமெரிக்கர்களுக்கு என்ன ஆயிற்று?’ என்று தலையில் அடித்துக்கொள்கிறார். அங்கே நடக்கும் வாதம் அவருக்குப் போய்ச் சேரவே இல்லை.

உண்மையான தடைகளும் உண்டு, மறுக்கவில்லை. ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 1996-இல் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டபின், பிரிட்டன் 1997-இல் கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய முழுதாகத் தடைசெய்தது. 2019-இல் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் பலியானதும், நியூசிலாந்து அரைத் தானியங்கி (ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும்) வகைகளில் பெரும்பாலானவற்றை அடுத்த மாதமே தடைசெய்தது. அமெரிக்காவே 1994-இல் சிலவகைத் துப்பாக்கிகளையும் 10 குண்டுக்கு மேல் கொள்ளும் மேகசின்களையும் (குண்டு அடுக்கும் பெட்டிகளையும்) புதிதாகச் செய்து பொதுமக்களுக்கு விற்பதைத் தடைசெய்தது. ஏற்கெனவே கையில் இருந்தவை தப்பின. பத்தாண்டு கழித்து 2004-இல் சட்டமும் காலாவதியானது. இவற்றைத் தடை என்றே எழுதவேண்டும். பின்னணிச் சோதனைக்கும் அதே சொல்லைச் செலவழித்துவிட்டால், இவற்றுக்கு எந்தச் சொல் மிச்சம்?

ஆஸ்திரேலியாவைப் பற்றி எழுதும்போது இந்தக் குழப்பம் முற்றிவிடுகிறது. போர்ட் ஆர்தர் துப்பாக்கிச் சூட்டில் 35 பேர் இறந்தபின், 1996-97-இல் அந்நாடு சில வகைகளைத் தடைசெய்து, சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை விலைகொடுத்துத் திரும்ப வாங்கியது. மற்ற வகைகளுக்கு உரிமம், பதிவு, 28 நாள் காத்திருப்பு, ‘தக்க காரணம்’ ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. பண்ணை வேலை தக்க காரணம், போட்டிச் சுடுதலும் தக்க காரணம், தற்காப்பு அல்ல. அங்கே இன்றும் சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஏராளம். ‘ஆஸ்திரேலியா துப்பாக்கியைத் தடைசெய்த நாடு’ என்று எழுதுகிறவர், சட்டத்தில் பாதியை விழுங்கிவிடுகிறார்.

அப்படியானால் ‘துப்பாக்கிக் கட்டுப்பாடு’ சரியா? தடையைவிட நூறு மடங்கு சரி. ஆனால் தமிழ்க் காதில் கட்டுப்பாடும் மெல்ல மெல்ல நிறுத்தத்தை நோக்கிச் சரிகிறது. ‘குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சு’ என்றால், அறுவைசிகிச்சை முடிந்தது, இனி பிள்ளை இல்லை என்று பொருள். திட்டமிடல் என்ற மூலக் கருத்து எங்கோ போய்விட்டது. அதனால் என் கட்சி ‘ஒழுங்குமுறை’. துப்பாக்கி ஒழுங்குமுறைச் சட்டம், சட்ட வாசகமானால் சுடுகலன் ஒழுங்குமுறை. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் திருத்தம், 1791, ‘நன்கு ஒழுங்குற்ற குடிப்படை’ என்றுதான் தொடங்குகிறது. அந்த ஒழுங்கு பயிற்சியையும் கட்டுக்கோப்பையும் குறிக்கிறது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2008-இன் ஹெல்லர் தீர்ப்பு பொருள்கொண்டது. ஒழுங்குமுறை விரும்புகிறவர்களோ விதிகளுக்கு அதிலேயே இடம் உண்டு என்கிறார்கள். தமிழின் ‘ஒழுங்கு’ இரண்டையும் தாங்கும்.

இப்போது அங்கே ஒழுங்குமுறை கேட்பவர்கள் கன் கன்ட்ரோலைக் கைவிட்டு ‘கன் சேஃப்டி’ என்கிறார்கள். உடனே நம்மவர்கள் ‘துப்பாக்கிப் பாதுகாப்பு’ என்கிறார்கள். அது துப்பாக்கிக்குக் காவலா, துப்பாக்கி ஏந்திய காவலா? வங்கி வாசலில் நிற்பவரைத்தான் அது நினைவூட்டும். வீட்டில் துப்பாக்கி இருப்பதே பாதுகாப்பு என்பது அமெரிக்காவில் ஒரு சாராரின் உறுதியான எண்ணம். ஜப்பானிலோ துப்பாக்கி வேண்டுபவர் வகுப்பு, எழுத்துத் தேர்வு, சுடும் தேர்வு, மருத்துவச் சான்று, வீட்டில் வைக்கும் இடத்தின் சோதனை எல்லாம் தாண்டவேண்டும். அங்கே பொதுவெளியில் துப்பாக்கி இல்லாததுதான் பாதுகாப்பு. இந்த இரண்டு மனப்பாங்கும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டால் யார் என்ன சொல்கிறார் என்றே விளங்காது. ‘துப்பாக்கி ஆபத்துத் தடுப்பு’ என்று விரித்து எழுதினால் குடிமுழுகிப் போகாது.

மொழிபெயர்ப்பாளர்களின் இன்னொரு பழக்கம், ‘அரை’யை விழுங்குவது. அரைத் தானியங்கியில் விசையை ஒருமுறை இழுத்தால் ஒரே குண்டு. வெடிப்பின் ஆற்றலே வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றிவைக்கும். சுட மறுபடியும் இழுக்கவேண்டும். முழுத் தானியங்கியில் விசையைப் பிடித்திருக்கும்வரை குண்டு பாயும். இந்தச் சிறு வேறுபாட்டில்தான் சட்டமே நிற்கிறது. விசையின் ‘ஒற்றைச் செயலால்’ ஒன்றுக்கு மேற்பட்ட குண்டு தானாகப் பாய்ந்தால் அது இயந்திரத் துப்பாக்கி என்கிறது அமெரிக்காவின் 1934-இன் சட்டம். பம்ப் ஸ்டாக் (பின்னுதைப்பைக் கொண்டு அரைத் தானியங்கியை வேகமாகச் சுடவைக்கும் கட்டை) பொருத்திய துப்பாக்கி அதற்குள் வராது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024-இல் 6–3 என்று பிரிந்து தீர்ப்பளித்ததும் அந்தச் சொற்களை வைத்துத்தான். அரைத் தானியங்கியைத் ‘தானியங்கித் துப்பாக்கி’ என்று எழுதிவிட்டு இந்தத் தீர்ப்பை எப்படி விளக்குவார்கள்? என்னைக் கேட்டால் ‘தானேற்றித் துப்பாக்கி’ என்பேன், ஏனென்றால் தானாக நடப்பது ஏற்றம் மட்டுமே.

கடைசியாக, மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு ஒன்று: உரிமம் வேறு, உரிமை வேறு. உரிமம் அரசு கொடுப்பது, நிபந்தனை மீறினால் பறிப்பது. அரசமைப்பு சொல்வது உரிமை. ‘ஜப்பானில் துப்பாக்கி உரிமை பெறுவது கடினம்’ என்று அச்சாகிறது. ஜப்பானில் அப்படியோர் உரிமையே இல்லை, உரிமம்தான் உண்டு.