தங்கத்தை விடுங்க, தண்ணி எங்க கொதிச்சதுன்னு தேடுங்க

தங்கம் தேடுறதுன்னா மலையில நடந்து போய் மஞ்சளா எதாவது மினுக்குதான்னு பாக்குறதுன்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க. ஆனா நல்ல சுரங்கத்துலயே ஒரு டன் பாறைக்கு 5 கிராம், 10 கிராம் இருந்தா பெரிய விஷயம், அதுவும் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாத பொடித் துகளா இருக்கும். சாதாரண பாறையில டன்னுக்கு சில மில்லிகிராம்தான். அப்போ இயற்கை எங்கயோ ஒரு இடத்துல அதை ஆயிரம் மடங்குக்கு மேல சேர்த்து வச்சிருக்கணும், ஜியாலஜிஸ்ட் தேடுறது அந்த வேலை நடந்த இடத்தைத்தான்.

தங்கமும் வெள்ளியும் சேர்ந்து கிடைக்குற படிவங்கள்ல எபிதெர்மல்னு ஒரு வகை இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான், ஏன்னா அது எப்படி உருவாச்சுங்குறதை பாறையே எழுதி வச்சிருக்கும். எரிமலைப் பகுதியில சில கிலோமீட்டர் ஆழத்துல உருகுன பாறை, அதாவது மாக்மா இருக்கும், மேல பெஞ்ச மழைத்தண்ணி விரிசல் வழியா கீழ இறங்கி சூடாகும், மாக்மால இருந்து வர்ற வாயுவும் கொஞ்சம் அதுல கலக்கும். 250 டிகிரி சூட்டுலயும் அந்த தண்ணி கொதிக்காது, மேல இருக்குற தண்ணியோட அழுத்தம் விடாது. அதுல கரைஞ்சிருக்குற ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் தங்கத்துக்கு வாகனம், கந்தகத்தோட ஒட்டிக்கிட்டாதான் தங்கம் தண்ணியில கரைஞ்சு பயணம் பண்ணும். இந்த தண்ணி ஒரு ஃபால்ட் (பாறை உடைஞ்சு நகர்ந்த பிளவு) வழியா மேல ஏறுது, 250 டிகிரி தண்ணின்னா தரையில இருந்து சுமார் 460 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது கொதிக்க ஆரம்பிச்சிடும். சோடா பாட்டில் மூடியை திறந்தா கேஸ் புஸ்ஸுன்னு போற மாதிரி ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆவியோட கிளம்பிடும், வாகனம் போயிடுச்சு, தங்கம் அங்கயே இறங்கிடும். வெள்ளியும் ஏறக்குறைய அதே இடத்துலதான் படியுது.

இது இன்னைக்கும் நடந்துட்டு இருக்கு. நியூசிலாந்துல வயோட்டாப்புன்னு ஒரு இடத்துல ஷாம்பெயின் பூல்னு ஒரு வெந்நீர்க் குளம் இருக்கு, அதோட விளிம்புல ஆரஞ்சு கலர்ல ஆர்சனிக், ஆன்டிமனி படிவு, அதுல டன்னுக்கு 80 கிராம் கணக்குல தங்கம் இருந்ததா அளந்திருக்காங்க. அதே நாட்டுல ஒஹாகி புவிவெப்பக் கிணறுகள்ல, குழாய்க்குள்ள அழுத்தம் சட்டுன்னு குறையுற தகட்டுல படிஞ்ச படிவுல தங்கமும் வெள்ளியும் கெட்டியா சேர்ந்திருந்தது. புத்தகத்துல இருக்குற கொதிநிலைக் கதைக்கு இதைவிட நேரடி சாட்சி வேணுமா?

இப்போ பழைய காலத்துக்கு வருவோம். பல லட்சம், பல கோடி வருஷத்துக்கு முன்னாடி தண்ணி எந்த ஆழத்துல கொதிச்சதுன்னு எப்படி கண்டுபிடிக்குறது? கொதிக்கும்போது கார்பன் டை ஆக்சைடும் வெளிய போயிடும், உடனே கால்சைட்ங்குற சுண்ணாம்புக் கனிமம் மெல்லிய தகடு தகடா வளரும், பின்னாடி அந்த தகடுகளோட இடத்தை குவார்ட்ஸ் அப்படியே பிடிச்சுக்கும், தகட்டு வடிவம் மட்டும் மிச்சம் இருக்கும். கையில ஒரு குவார்ட்ஸ் துண்டை எடுத்து அதுல பிளேடை அடுக்கி வச்ச மாதிரி கோடுகள் குறுக்கும் நெடுக்குமா தெரிஞ்சா இங்க கொதிச்சிருக்குன்னு அர்த்தம். அடுலேரியாங்குற ஃபெல்ட்ஸ்பார் வகைக் கனிமமும் கூட வரும். விரிசல்ல கனிமம் நிரம்புன பட்டையைத்தான் வெயின்னு சொல்றோம், அந்த வெயினோட சுவர்ல இருந்து நடுப்பக்கம் வரைக்கும் மெல்லிய பட்டை பட்டையா படிஞ்சிருக்கும், அந்த பட்டைகள் நடுவுல கருப்பா ஒரு கோடு தெரிஞ்சா அதை லென்ஸ் வச்சு நிதானமா பாக்கணும், வெள்ளி சல்ஃபைடும் தங்க-வெள்ளி கலவையும் பெரும்பாலும் அந்த கருப்புக்குள்ளதான் இருக்கும். 1859ல நெவாடாவுல காம்ஸ்டாக் பகுதியில தங்கம் அலசுனவங்க தொல்லை குடுக்குதுன்னு ஒரு கருநீல சேறை ஒதுக்கித் தள்ளிட்டு இருந்தாங்க, சோதிச்சுப் பாத்தா அதுல வெள்ளி நிறைஞ்சு கிடந்தது.

முக்கியமான கேள்வி, நாம நிக்குற தரை அந்த கொதிச்ச மட்டத்துக்கு மேலயா கீழயாங்குறதுதான். சூடுநீர் ஊற்று தரையில விட்டுட்டுப் போன சிலிக்கா ஓடு இன்னும் இருந்தா அது அந்தக் காலத்துத் தரை, அரிப்பு அதுவரைக்கும் வரல, புதையல் காலுக்குக் கீழ முழுசா இருக்க வாய்ப்பு இருக்கு. அந்த மட்டத்துல மண் சாம்பிள்ல பாதரசம், ஆர்சனிக், ஆன்டிமனி அதிகமா இருக்கும், தங்கம் பெரும்பாலும் ஒண்ணுமே இருக்காது, இதைப் பாத்துட்டு காலி இடம்னு போயிட்டா அதுதான் பெரிய நஷ்டம். மாறா, பெரிய படிகமா வளர்ந்த குவார்ட்ஸும் ஈயமும் துத்தநாகமும் தரையிலயே தெரிஞ்சா தங்கம் இருந்த பகுதி அரிச்சுப் போயிருக்கலாம். ஈக்வடார்ல 2006ல கண்டுபிடிச்ச ஃப்ருட்டா டெல் நோர்ட்டே அப்படியே பிந்தைய படிவுப் பாறைக்கு அடியில மறைஞ்சு கிடந்தது. ஜப்பான்ல ஹிஷிகாரியும் 1981ல ட்ரில் போட்டுதான் வெளிய வந்தது, பல வருஷம் டன்னுக்கு 30 கிராமுக்கு மேல தங்கம் குடுத்தது, சுரங்கத்துக்குள்ள இன்னைக்கும் வெந்நீர் ஊறுது.

ஓடை மணல் சாம்பிள், கட்டம் போட்டு எடுக்குற மண் சாம்பிள், களிமண் கனிமத்தை கண்டுபிடிக்குற கைக்கருவி, காந்தப்புல சர்வே, மின்தடை சர்வே எல்லாம் மேல சொன்ன அதே கேள்விக்குத்தான் பதில் தேடுது. களிமண் கனிமங்கள்ல ஸ்மெக்டைட் இருந்தா குளிர்ந்த ஓரம், இல்லைட் இருந்தா சூடான நடுப்பகுதி. சூடுநீர் பாறையில இருக்குற மேக்னடைட்ங்குற காந்த இரும்புக் கனிமத்தை அழிச்சிடும், அதனால அந்த இடம் காந்தப்புல மேப்ல பலவீனமா தெரியும்.

கடைசியில ட்ரில்லிங்தான். உருளையா வர்ற பாறைத் துண்டை, அதாவது கோரை, வைர ரம்பத்துல நீளவாக்குல ரெண்டா அறுத்து பாதியை லேபுக்கு அனுப்புவாங்க, பாதி பெட்டியில இருக்கும். லேப்ல பொடியாக்கி அதுல வெறும் 30 இல்ல 50 கிராம் எடுத்து ஈய ஆக்சைடோட உருக்குவாங்க, உருகுன ஈயம் தங்கத்தையும் வெள்ளியையும் வாரிக்கிட்டு அடியில தங்கும், அப்புறம் சின்ன கிண்ணத்துல வச்சு சூடாக்குனா ஈயத்தை கிண்ணம் உறிஞ்சிடும், குண்டூசித் தலை அளவுக்கு ஒரு மணி மட்டும் மிஞ்சும். அதை நைட்ரிக் ஆசிட்ல போட்டா வெள்ளி கரைஞ்சு தங்கம் நிக்கும். இவ்வளவு சின்ன அளவுல ஒரே ஒரு தங்கத் துகள் விழுந்தா கூட ரிசல்ட் எகிறிடும், அதனாலதான் தங்கமே இல்லாத சாம்பிள், அளவு தெரிஞ்ச சாம்பிள் எல்லாம் நடுநடுவுல கலந்து அனுப்புறாங்க. ரிசல்ட்ல தங்கம் உள்ள பகுதி 10 மீட்டர்னு போட்டிருந்தா அதை அப்படியே நம்பவும் கூடாது, ட்ரில் வெயினை சாய்வா வெட்டியிருந்தா உண்மையான அகலம் 3 மீட்டரா கூட இருக்கலாம்.

அந்த மிச்சப் பாதி கோர் எவ்வளவு முக்கியம்னு இந்தோனேசியாவுல பெரிய தங்கப் படிவம் கிடைச்சதா சொன்ன கனடாவோட பிரெ-எக்ஸ் கம்பெனி விவகாரத்துல தெரிஞ்சது. புசாங்ங்குற இடத்துல அவங்க கோரை பாதியா அறுக்காம ஏறக்குறைய முழுசாவே பொடியாக்கி அனுப்புனாங்க, திரும்ப சோதிக்க பெருசா எதுவும் இல்ல. 1997ல ஃப்ரீபோர்ட் கம்பெனி அதே ஓட்டைகள் பக்கத்துல புதுசா ட்ரில் போட்டுப் பாத்தப்ப மதிக்கத்தக்க அளவு தங்கமே இல்ல, சாம்பிள்ல வெளித் தங்கத்தை கலந்திருந்தாங்க. அதுக்கப்புறம்தான் 2001ல கனடா, தகுதியுள்ள ஒரு நிபுணர் பொறுப்பேத்துக்காம இந்த மாதிரி தொழில்நுட்பத் தகவலை கம்பெனிகள் வெளியிடக் கூடாதுன்னு விதி கொண்டு வந்தது.