பிராக் நகரப் பயணம்: வயதான பெற்றோரை அழைத்துச் செல்வோர் கவனத்துக்கு

ஐரோப்பியச் சுற்றுலாக்களைத் திட்டமிட்டுக் கொடுப்பதை 15 ஆண்டுகளாகத் தொழிலாகச் செய்து வருகிறேன். செக் நாட்டின் தலைநகரான பிராக் பற்றி என்னிடம் விசாரிப்பவர்களில் பலர், "வியன்னாவுக்கும் பெர்லினுக்கும் நடுவில் ஒரு நாள் ஒதுக்கினால் போதுமா?" என்றுதான் தொடங்குகிறார்கள். போதாது என்பதே என் பதில். அறுபது வயதைக் கடந்த பெற்றோர் உடன் வருகிறார்கள் என்றால், மூன்று இரவுகளாவது தங்குங்கள், அதற்கு நாள் இல்லையென்றால் இந்த முறை அந்த நகரத்தை விட்டுவிடுங்கள் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

இதற்குக் காரணம் அந்த நகரத்தின் நில அமைப்பு. வல்தாவா ஆற்றின் வலக்கரையில், தாழ்ந்த சமநிலத்தில், பழைய நகரச் சதுக்கமும் 1410-ஆம் ஆண்டைச் சேர்ந்த வானியல் கடிகாரமும் இருக்கின்றன. இடக்கரையில் நிலம் ஆற்றங்கரையை அடுத்தே உயரத் தொடங்கி, கோட்டை நிற்கும் குன்றில் போய் முடிகிறது. இரு கரைகளையும் இணைக்கும் சார்லஸ் பாலம், பேரரசர் நான்காம் சார்லஸ் காலத்தில் 1357-இல் கட்டத் தொடங்கப்பட்டது. 516 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் வாகனங்கள் செல்வதில்லை. பழைய பகுதிகளின் தெருக்களில் பெரும்பாலும் கல் பாவியிருக்கிறது. அவற்றுள் உருண்டையாகப் புடைத்து நிற்கும் கற்களைச் செக் மக்கள் 'பூனைத் தலைகள்' என்று அழைக்கிறார்கள். மெல்லிய அடிப்பாகம் கொண்ட செருப்புடன் அவற்றின் மேல் அரை மணி நேரம் நடந்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் நன்றாகவே விளங்கும்.

தொழிலுக்கு வந்த புதிதில், வரைபடத்தில் அடுத்தடுத்து இருக்கிறதே என்று சதுக்கம், பாலம், கோட்டை என்ற வரிசையிலேயே ஒரு குழுவை அழைத்துப் போனேன். பாலத்தைக் கடந்து நெருதோவா தெருவின் ஏற்றத்தில் பாதி வந்ததும், குழுவிலிருந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் முழங்காலை அழுத்திக்கொண்டார். "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க தம்பி, நான் இங்கேயே இருக்கேன்" என்றார். கோட்டைக்குள் இருக்கும், 1344-இல் தொடங்கி 1929-இல்தான் முழுமையடைந்த புனித வீட்டஸ் பேராலயத்தைப் பார்க்க வேண்டும் என்று விமானத்திலேயே என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தவர் அவர். அதைப் பார்க்காமலேயே ஊர் திரும்பினார். அந்த வரிசையைப் போட்டவன் நான் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

அன்றிலிருந்து நான் யாருக்குத் திட்டம் எழுதினாலும் கோட்டையைக் காலையில் வைத்து, மேலே ஏறுவதற்கு 22-ஆம் எண் டிராமைப் பரிந்துரைக்கிறேன். வலக்கரையில் தேசிய நாடக அரங்கத்தின் அருகே ஏறினால், அது ஆற்றைக் கடந்து, குன்றைச் சுற்றி வளைந்து ஏறி, கோட்டையின் பெயரையே கொண்ட நிறுத்தத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து ஏறக்குறையச் சமதளத்தில் சில நிமிடங்கள் நடந்தால் கோட்டையின் முற்றத்துக்குள் வந்துவிடலாம். பார்த்து முடித்த பின் இறங்கித்தானே வரப்போகிறோம் என்று பலர் எண்ணுகிறார்கள். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம் கூடுதலாக வலிக்கக்கூடும் என்பதால், அவர்கள் வந்த டிராமிலேயே திரும்பி, குன்றின் அடிவாரத்தில் உள்ள மாலா ஸ்த்ரானா சதுக்கத்தில் இறங்கிக்கொள்வது நல்லது. பாலம் அங்கிருந்து மிக அருகில். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேராலயத்தில் வழிபாடு நடப்பதால், பார்வையாளர்களை நண்பகலுக்குப் பிறகே அனுமதிக்கிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். டிராமுக்குக் காகிதப் பயணச்சீட்டு வாங்கினால், முதல் முறை ஏறியவுடன் உள்ளே இருக்கும் இயந்திரத்தில் அதற்கு முத்திரை இட வேண்டும். முத்திரை இல்லாத சீட்டு செல்லாது. அபராதம் கட்ட நேரிடும். மெட்ரோ விரைவானதுதான் என்றாலும், சில நிலையங்கள் மிகுந்த ஆழத்தில் இருக்கின்றன. நீண்ட நகரும் படிகள் நம் ஊரில் பழகியதைவிட வேகமாக ஓடும். கால் வைக்கத் தயங்குபவர்களுக்கு டிராமே பாதுகாப்பானது.

பாலத்தைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். நண்பகலில் அங்கே சிலைகளைப் பார்க்க முடியாது, முதுகுகளைத்தான் பார்க்க முடியும். கூட்ட நெரிசலில் பணப்பையும் போகும். விடியலில் போங்கள். ஜூனில் ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும் என்பதால் அது எல்லோருக்கும் இயலாது; டிசம்பரில் சூரியன் எட்டு மணியளவில்தான் உதிக்கிறது, ஆகவே குளிரைத் தாங்கும் உடல்நிலை உள்ள பெரியவர்கள் நன்றாக உறங்கி எழுந்தே அந்தக் காட்சியைக் காணலாம். முப்பது சிலைகளில் பழமையானது, 1683-இல் நிறுவப்பட்ட நெபோமுக் ஜானின் சிலை. 1393-இல் இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் வீசப்பட்ட பாதிரியார் அவர். சிலையின் பீடத்தில் உள்ள வெண்கலப் பலகைகள் கறுத்துப் போயிருக்க, வேண்டுதலோடு மக்கள் கை வைக்கும் இடங்கள் மட்டும் தேய்ந்து பொன்னிறத்தில் மின்னுகின்றன. நம் கோயில் தூண்களில் எண்ணெய்க் கை பட்டு வழவழத்த இடங்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது அந்நியமாகவே தோன்றாது.

யூதர் குடியிருப்பான யோசெஃபோவைச் சனிக்கிழமையில் வைத்துவிடாதீர்கள். அன்று அவர்களுக்கு ஓய்வுநாள் என்பதால் தொழுகைக்கூட அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட சுமார் 78,000 செக் யூதர்களின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. அங்கே அவசரமாக நுழைந்து வெளியேறுவது அந்தப் பெயர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்றே நான் கருதுகிறேன். ஒரு முழுக் காலைப்பொழுதை அந்தப் பகுதிக்கு ஒதுக்குங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, செக் நாட்டின் நாணயம் கொருனா. யூரோ அங்கே அதிகாரபூர்வ நாணயம் அன்று. ஏடிஎம் திரையில் "ரூபாயில் கணக்கிடவா?" என்று கேட்டால் மறுத்து, கொருனாவையே தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் அந்த இயந்திரம் வைக்கும் விகிதத்தில் பணம் கழியும். நாணய மாற்றுக் கடையில் ஏமாந்துவிட்டதாக உணர்ந்தால், 1,000 யூரோ மதிப்புக்கு உட்பட்ட பரிமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யும் உரிமையை 2019 முதல் செக் சட்டம் வழங்குகிறது. ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

செக் நாடு உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்துவிட வேண்டும். அதற்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு தேவை என்பதால், விலை குறைந்ததாகப் பார்த்து ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். விசா கிடைத்துவிடும், ஆனால் தந்தையின் சர்க்கரை நோயையோ தாயின் இதய சிகிச்சையையோ மறைத்து வாங்கிய காப்பீடு, மருத்துவமனையில் கைவிட்டுவிடக்கூடும். முன்பே உள்ள நோய்களைத் தெரிவித்து, அவற்றுக்கு அந்தத் திட்டத்தில் இடம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாத்திரைகளை, மருத்துவரின் சீட்டோடு, கைப்பெட்டியிலேயே வைத்திருங்கள்.

காலணிகளைக் கிளம்புகிற வாரத்தில் வாங்காதீர்கள். தடித்த அடிப்பாகமும் கணுக்காலுக்குப் பிடிமானமும் உள்ள காலணியை இரண்டு மாதங்களுக்கு முன்பே வாங்கிக் கொடுத்து, அதை அணிந்தே அம்மாவும் அப்பாவும் தினமும் நடக்கப் பழகட்டும். எங்கே தேய்க்கிறது, எங்கே இறுக்குகிறது என்பது வீட்டுத் தெருவிலேயே தெரிந்துவிடும். அப்போது மாற்றுவதற்கும் நேரம் இருக்கும்.