ஹாலனேரோபியம்: உவர்வாழ் வளியிலி

இந்தப் பெயருக்குள் நான்கு கிரேக்கச் சொற்கள் இருக்கின்றன. ‘ஹால்ஸ்’ உப்பு, ‘அன்’ இல்லாமை, ‘ஏர்’ காற்று, ‘பியோஸ்’ வாழ்வு. உப்பில், காற்றில்லாமல் வாழும் உயிர்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பேரியின் அடிச்சேற்றில் கிடைத்த ஒரு பாக்டீரியாவுக்கு 1983இல் வைத்த பெயர் இது. முழுப்பெயர் ஹாலனேரோபியம் ப்ரீவேலன்ஸ். கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதம். இதற்கு 13 சதவீதம்தான் தோது. 30 சதவீதத்திலும் பிழைத்துக்கொள்ளும். ஊறுகாயில் உப்பை அள்ளிப் போடுவது, கெடுக்க வரும் நுண்ணுயிரின் நீரை அது உறிஞ்சிவிடும் என்பதால்தானே? இதனிடம் அது பலிக்காது. பொட்டாசியம், குளோரைடு அயனிகளைச் செல்லுக்குள்ளேயே நிறைத்துக்கொண்டு வெளி உப்புக்கு ஈடுகொடுக்கிறது. நீரில் உப்பு ஏற ஏற ஆக்சிஜன் கரைவது குறையும். அடிச்சேற்றில் ஆக்சிஜன் அறவே இருக்காது. அதனால் சர்க்கரைகளை நொதிக்கவைத்தே பிழைக்கிறது, வாயுவை வெளிவிடுகிறது. ஸ்வீடனில் ஹெர்ரிங் மீனைப் புளிக்கவைத்து அடைக்கும் டப்பாக்கள் புடைப்பதில் இதற்கும் பங்குண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘உப்புவிரும்பி’ என்று மட்டும் எழுதினால் போதாது. உப்பளத்தின் கடைசிப் பாத்திகளில் நீர் செந்நிறமாவதற்குக் காரணமான ஹாலோபாக்டீரியம் வகையும் உப்புவிரும்பிதான். ஆனால் அது பெயரில் மட்டுமே பாக்டீரியா, உண்மையில் ஆர்க்கியா என்ற வேறொரு நுண்ணுயிர்க் குலத்தைச் சேர்ந்தது. காற்றோட்டத்தில்தான் நன்றாக வளரும். ‘உப்பை விரும்பும் காற்றில்லா பாக்டீரியா’ என்பது விளக்கம். பெயராக வாயில் நிற்காது. அப்புறம், மூலப்பெயரில் ‘விரும்புதல்’ என்ற பொருளே இல்லை, ‘வாழ்தல்’தான் இருக்கிறது.

‘உவர்வாழ் வளியிலி’ என்பது என் பரிந்துரை. முடிவில்லாதது முடிவிலி ஆனதுபோல, வளி வேண்டாதது வளியிலி. வளிமண்டலம் என்று தினமும் சொல்கிறோம், ஆகவே ‘வளி’ புதிதல்ல. உப்பை விட்டு ‘உவர்’ எடுத்ததற்குக் காரணம் உண்டு. இந்த உயிர் இருப்பது கட்டி உப்பில் அல்ல, உவர்நீரிலும் உவர்ச்சேற்றிலும். கிரேக்கத்தில் ‘ஹால்ஸ்’ உப்பையும் குறிக்கும், கடலையும் குறிக்கும். தமிழிலும் உவரிலிருந்து வந்த ‘உவரி’க்குக் கடல் என்றே பொருள்.