நொதித்த பானம் விற்கப் பதிவுச் சான்று: எங்கே சிக்கிக்கொள்கிறார்கள்?

கொங்குப் பகுதியில் சுய உதவிக் குழுப் பெண்கள் நால்வர் வீட்டுப் பின்கட்டில் கொம்புச்சா என்ற நொதித்த தேநீர்ப் பானத்தைத் தயாரித்து வாரச் சந்தையில் விற்கத் தொடங்கினார்கள். உணவுப் பாதுகாப்புச் சான்று வாங்கித் தருவதாகச் சொன்ன தரகர் ஒருவருக்கு 4,500 ரூபாய் கொடுத்தார்கள். மறுநாளே சான்று வந்துவிட்டது. மூன்று மாதம் கழித்துச் சோதனைக்கு வந்தவர் அதைப் படித்துப் பார்த்து, "இது கடைக்காரருக்கான சான்று. தயாரிக்க உங்களுக்கு அனுமதியே இல்லை, அம்மா" என்றார். அவர்கள் விண்ணப்பத்தை நான் எடுத்துப் பார்த்தேன். தொழில் வகை என்ற கட்டத்தில் தரகர் 'சில்லறை விற்பனை' என்று போட்டிருந்தார். அது சீக்கிரம் கிடைத்துவிடும் என்பதுதான் காரணம்.

அவர்கள் அரசுக்குக் கட்ட வேண்டியிருந்த தொகை ஆண்டுக்கு 100 ரூபாய்.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உணவு தயாரிக்கும் எவரும் பதிவோ உரிமமோ பெற வேண்டும். 2011ஆம் ஆண்டு விதிகள் முதலில், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு தயாரிப்பாளருக்குப் பதிவு போதும் என்றன; இன்றைய எல்லையை விண்ணப்பிக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லையைத் தாண்டினால் உரிமம். பதிவுக்கான விண்ணப்பத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபோஸ்கோஸ் (FoSCoS) இணையதளத்தில் நீங்களே போடலாம். புகைப்படமும் அடையாளச் சான்றும் வேண்டும். தயாரிக்கும் இடம் அடையாள அட்டையிலுள்ள முகவரியிலிருந்து வேறுபட்டால் அதற்கான சான்றையும் சேர்த்துவிடுங்கள்.

விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்களை நீங்களே நிரப்புங்கள், வேறு யார் கையிலும் விடாதீர்கள். ஒன்று, மேலே சொன்ன தொழில் வகை. அதில் 'தயாரிப்பு' இருக்க வேண்டும். மற்றொன்று, உற்பத்தித் திறன். பால் பொருள் அல்லாத பானங்களுக்கு அந்த விதிகள் முதலில் வைத்த எல்லை நாளொன்றுக்கு 100 லிட்டர். பின்னாளில் வளர்வோம் என்ற நம்பிக்கையில் 500 லிட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். விற்பது நாற்பது பாட்டில்தான் என்றாலும் எழுதிய எண்ணை வைத்து உங்களை உரிமம் வாங்கச் சொல்வார்கள். இன்றைக்குச் செய்ய முடிந்த அளவை மட்டும் எழுதுங்கள்.

அடுத்தது நாட்கணக்கு. இதை எந்த அலுவலகமும் தானாக முன்வந்து சொல்லி நான் கேட்டதில்லை. பதிவு விண்ணப்பம் கிடைத்த 7 நாட்களுக்குள் சான்று தர வேண்டும், அல்லது காரணத்தை எழுதி நிராகரிக்க வேண்டும், அல்லது இடத்தைப் பார்வையிட நோட்டீஸ் தர வேண்டும். பார்வையிடுவதாக இருந்தால் 30 நாட்களுக்குள் முடிவு வர வேண்டும். எதுவுமே நடக்காவிட்டால் தொழிலைத் தொடங்கலாம் என்று விதியே சொல்கிறது. பின்னால் அவர்கள் சொல்லும் திருத்தங்களைச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். உரிமத்துக்கும் இதே போல இரண்டு மாதக் கெடு உண்டு. "அடுத்த வாரம் வாங்க" என்று ஒருவரை எட்டு முறை அலையவிடுவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. விண்ணப்ப எண் உள்ள தாளை அச்சிட்டு வையுங்கள். நாட்களை அதிலிருந்து எண்ணுங்கள். வாய்மொழிப் பதில் வந்தால் "எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

இனி லேபிள். நல்ல நோக்கத்தோடு தொழில் செய்கிறவர்கள்கூட மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். 'புரோபயாடிக்' (உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள் கொண்டது) என்ற சொல்லை அச்சிட்டால் உங்கள் பானம் சாதாரணப் பானம் என்ற வகையிலிருந்து வெளியேறி, ஊட்டச்சத்துப் பொருட்களுக்கான தனி விதிகளுக்குள் போய்விடுகிறது. அந்த விதிகள் ஏற்கும் நுண்ணுயிர் வகைகளைத்தான் பயன்படுத்த வேண்டும். ஒரு நாளைக்குக் குடிக்கும் அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்க வேண்டும். விற்பனை எவ்வளவு சிறியதானாலும் பதிவு போதாது, மத்திய உரிமம் வேண்டும். அதற்கு ஆண்டுக்கு 7,500 ரூபாய். ஒரு சொல்லுக்காக இத்தனை சுமை எதற்கு? 'நொதித்த தேநீர்ப் பானம்' என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். 'சர்க்கரை நோய் தீரும்' போன்ற வரிகள் வேண்டவே வேண்டாம். தவறான விளம்பரத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை.

கொம்புச்சா செய்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது மதுபானக் கணக்கில் சேரும். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். மூடிய பாட்டிலுக்குள் ஈஸ்ட்டும் மிச்சச் சர்க்கரையும் இருக்கும்வரை நொதித்தல் நிற்பதில்லை; சித்திரை வெயிலில் குளிர்பெட்டிக்கு வெளியே இரண்டு நாள் இருந்தால் பானமே மாறிவிடும். ஆகவே புதிதாக நிரப்பிய பாட்டிலை ஆய்வகத்துக்கு அனுப்பி நல்ல அறிக்கை வாங்கி வைத்துக்கொள்வதில் பயனில்லை. நீங்கள் அச்சிடும் காலாவதி நாளை எட்டிய பாட்டிலைச் சோதிக்கக் கொடுங்கள். அது எல்லையைத் தாண்டினால் காலாவதி நாளைக் குறையுங்கள். குளிரில் வைக்க வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். குளிர்பெட்டி இல்லாத கடைக்குச் சரக்குக் கொடுக்காதீர்கள்.

உணவுப் பாதுகாப்பு அதிகாரி உங்கள் பானத்திலிருந்து சோதனைக்கான மாதிரியை எடுக்க வந்தால் பதற வேண்டாம். எடுக்கும் பாட்டில்களுக்கு அவர் விலை கொடுக்க வேண்டும். சும்மா எடுத்துச் செல்ல உரிமை கிடையாது. மாதிரியை நான்கு பகுதியாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். அதில் ஒன்றை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பும்படி, உங்கள் செலவில், அப்போதே கேட்கலாம். கேளுங்கள். எடுக்கும்போது பாட்டில் குளிரில் இருந்ததா, வெளியே இருந்ததா என்பதைத் தாளில் குறிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முடிவு பாதகமாக வந்தால் மேல்முறையீட்டுக்கு 30 நாட்கள்தான். அறிக்கை கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள்.