“ஒத்துக்கிட்டா இன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்”

கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில், மாஜிஸ்திரேட் வந்து உட்காருவதற்கு முன்பே நடைபாதையில் காதில் விழும் அறிவுரை இது: குற்றத்தை ஒத்துக்கொண்டுவிடு என்று. அடிதடியிலோ கடைத் திருட்டிலோ பையன் மாட்டியிருப்பான்; கூட வந்த மாமா சொல்வார். “சின்னக் கேஸ்தானே” என்பதும் சேர்ந்தே வரும்.

எது சின்னக் கேஸ்? தண்டனைச் சட்டம் 323-ஆம் பிரிவில், அதாவது காயம் விளைவித்ததற்கு, ஓராண்டு வரை சிறை, 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். திருட்டுக்கான 379-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு. ஒரு கைத்தொலைபேசியைத் தூக்கியவனுக்கும் அதே பிரிவுதான். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டால் 5 ஆண்டு வரை சிறையும் 10,000 ரிங்கிட் வரை அபராதமும் விதிக்க முடியும்.

குற்றச்சாட்டை மலாயில் வாசித்து, “பஹாம்?” (புரிகிறதா?) என்று கேட்பார்கள். பையன் தலையாட்டிவிடுவான். சரியாகப் புரியவில்லை என்றால், மொழிபெயர்ப்பாளர் மூலம் தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. ஒத்துக்கொண்ட பிறகு சம்பவ விவரம் வாசிக்கப்படும். அப்போது “அவன்தாங்க முதல்ல அடிச்சான்” என்று வாயைத் திறந்தால், அது நிபந்தனையோடு ஒத்துக்கொள்வது. மாஜிஸ்திரேட் அதை ஏற்காமல் வழக்கை விசாரணைக்கு அனுப்ப வேண்டும். பலர் அந்த வாக்கியத்தை விழுங்கிவிடுகிறார்கள். ஒத்துக்கொண்டு தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்ய 14 நாள் உண்டு; ஆனால் தண்டனையின் அளவு, அது சட்டப்படியானதா என்பதைப் பற்றி மட்டுமே முறையிட முடியும். “நான் செய்யவில்லை” என்ற வாதம் அன்றைக்கே முடிந்துபோகிறது.

அவசரப்படாமல் இருந்தால் வேறு வழிகளும் உண்டு. 323 போன்ற சில குற்றங்களில் பாதிக்கப்பட்டவரோடு சமரசம் பேசலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173ஏ பிரிவின் கீழ், குற்றம் நிரூபணமானாலும் வயது, நடத்தை, சம்பவத்தின் சிறுமை ஆகியவற்றைப் பார்த்து, தண்டனைப் பதிவு இல்லாமலேயே நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கவும் முடியும். வேலைக்கு விண்ணப்பிக்கப் போகும் பையனுக்கு அந்த வித்தியாசம் பெரிது. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாத மலேசியக் குடிமக்கள் தேசிய சட்ட உதவி அறவாரியத்தை நாடலாம்.

ஜாமீன் நிற்க வருகிறவர் அசல் அடையாள அட்டையோடு காலையிலேயே வந்துவிட வேண்டும். பணம் கட்டும் நேரம் தாண்டினால் அன்றிரவு சிறையில்தான்.

2024-இல் கோலாலம்பூரில் இணையப் பகடிவதைக்கு (இணையத்தில் கேலி, மிரட்டல் செய்து துன்புறுத்துவதற்கு) ஆளான ஒரு பெண் இறந்த பிறகு, ஒருவருக்கு 100 ரிங்கிட் மட்டும் அபராதம் விதிக்கப்பட்டபோது நம்மவர்கள் கொதித்தார்கள். கோபம் நியாயமானது. ஆனால் சிறு குற்றங்கள் சட்டம் 14-ஆம் பிரிவின் உச்சவரம்பே 100 ரிங்கிட். சுமத்தப்பட்ட பிரிவைத் தாண்டி மாஜிஸ்திரேட் போக முடியாது. பகடிவதைக்கான புதிய பிரிவுகள் 2025-இல்தான் தண்டனைச் சட்டத்தில் நடப்புக்கு வந்தன.

இனி, வழக்கைப் பற்றிய செய்தியில் பெயர் போடும் விஷயம். மாஜிஸ்திரேட் நீதிமன்றம் திறந்த நீதிமன்றம். பெரியவர்களின் பெயரைப் பத்திரிகை போடலாம். 18 வயதுக்குக் கீழ் என்றால் கதையே வேறு. சிறார் வழக்குக்குத் தனி நீதிமன்றம், மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள். வெளியாட்கள் உட்கார முடியாது. 2001 சிறார் சட்டம் 15-ஆம் பிரிவின்படி, குற்றம் சாட்டப்பட்ட சிறாராகட்டும், பாதிக்கப்பட்ட சிறாராகட்டும், சாட்சியாகட்டும், பெயர், முகவரி, பள்ளி, படம், அடையாளம் காட்டும் எந்த விவரமும் வெளிவரக் கூடாது. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். “நான் பத்திரிகைக்காரன் இல்லையே, வாட்சப்பில்தானே அனுப்பினேன்” என்ற துணிச்சல் வேண்டாம்.

பெயரை விட்டுவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் வழக்கமான பிசகு. பிள்ளையைத் துன்புறுத்திய வழக்கில் அப்பாவின் பெயரைப் போட்டு “சொந்த மகள்” என்றும் எழுதினால், அந்தப் பிள்ளையைத் தாமானே (குடியிருப்பே) அடையாளம் கண்டுகொள்ளும். முகத்தை மங்கலாக்கிவிட்டுப் பள்ளிச் சட்டையின் சின்னத்தை அப்படியே விட்டுவைத்த படமும் அதே தப்புதான்.