ஆசாதி: இற்பிறந்தார் முதல் பேச்சுரிமை வரை

'ஆசாத் ஹிந்த்' வழியாக நமக்குப் பழகிய சொல்தான் ஆசாத். அந்த நிலையைக் குறிப்பது ஆசாதி. தமிழில் இதை எப்படிப் பெயர்ப்பது என்று கேட்டால், அகராதிகள் 'விடுதலை, சுதந்திரம்' என்று எழுதி முடித்துக்கொள்கின்றன. ஆனால் இந்தப் பாரசீகச் சொல்லின் வேரில் சிறையும் இல்லை, விலங்கும் இல்லை. இருப்பது பிறப்பு. வடமொழி 'ஜாத' என்பதற்கு உறவான வேரில் பிறந்து, 'குடிக்குள் பிறந்தவன்' என்று பொருள் தந்தது. இஸ்லாத்துக்கு முந்தைய ஈரானின் சாசானியப் பேரரசில் 'ஆசாதான்' என்றால் உயர்குடியினர். இந்தப் பழம்பொருளுக்குத் தமிழ் தேடி அலைய வேண்டியதில்லை. குறளில் 'இற்பிறந்தார்', அதாவது நற்குடியில் பிறந்தவர், இருக்கிறார்.

கவிஞர்கள் சொல்லைக் குலத்திலிருந்து குணத்துக்கு நகர்த்தினார்கள். 1258இல் எழுதப்பட்ட 'குலிஸ்தான்' நூலில் பாரசீகக் கவிஞர் சஅதி ஒரு கேள்வி எழுப்புகிறார்: எத்தனையோ கனிமரங்கள் இருக்க, காய்க்காத சைப்ரஸ் மரத்தை மட்டும் ஏன் ஆசாத் என்கிறோம்? மற்ற மரங்கள் பருவத்தில் செழித்துப் பருவம் போனதும் வாடும். சைப்ரஸுக்கு அந்தக் கவலை இல்லை, எப்போதும் பசுமை என்பது விடை. இங்கே ஆசாதி பற்றற்ற நிலை. அரசியல் துளியும் இல்லை.

அரசியல் வந்தது 19ஆம் நூற்றாண்டில். ஈரானின் பட்டத்து இளவரசர் அப்பாஸ் மிர்சா 1815இல் படிக்க அனுப்பிய மாணவர்களில் ஒருவரான மிர்சா சாலிஹ் ஷீராசி, இங்கிலாந்தை 'ஆசாதி நாடு' என்று தம் பயண நூலில் எழுதினார். லண்டனில் தெரு அமைக்கும் வழியில் ஒரு கிழவரின் கடை குறுக்கே நின்றதாம். அவர் தர மறுத்துவிட்டார். படையே திரண்டு வந்தாலும் பலவந்தமாகப் பறிக்க முடியாது என்று ஷீராசி வியக்கிறார். மன்னரான ஷா நினைத்தால் அமைச்சரின் தலையே போகும் நாட்டிலிருந்து வந்தவருக்கு, ஒரு கடைக்காரரின் பிடிவாதம்தான் கொள்கை விளக்கமாக அமைந்தது.

பிறகு போட்டியாக 'ஹுர்ரியத்' வந்தது. காஷ்மீர்ச் செய்திகளில் நாம் படிக்கும் அதே ஹுரியத்துதான். அரபியில் அடிமையல்லாதவன் ஹுர். ஒட்டோமன் சீர்திருத்தக்காரர்கள் அதை அரசியல் முழக்கமாக்கினார்கள். இன்றைய ஜார்ஜியாவின் திப்லிசியில் இருந்த எழுத்தாளர் ஆகுந்த்சாதே அதை ஆன்ம ஹுர்ரியத், உடல் ஹுர்ரியத் என்று இரண்டாகப் பிரித்தார்: மதகுருக்கள் பறித்தது முன்னது, கொடுங்கோலர் பறித்தது பின்னது. பாரிஸில் ஈரானியத் தூதரகப் பொறுப்பில் இருந்த மிர்சா யூசுப் கான் முஸ்தஷாருத்தவ்லா, 1870 வாக்கில் எழுதிய சிறு நூலுக்கு 'ஒரு சொல்' என்றே பெயரிட்டார். அந்த ஒரு சொல் ஆசாதி அல்ல, சட்டம். பிரெஞ்சு உரிமைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பக்கத்தில் குர்ஆன் வசனத்தையும் வைத்தார். பரிசாகச் சிறை கிடைத்தது.

ஆகவே தமிழில் எதை எழுதுவது? அடிமையை ஆசாத் செய்வது விடுதலை; அதில் தகராறு இல்லை. முஸ்தஷாருத்தவ்லாவின் நூலில் மட்டும் 'விடுதலை' எனக்கு உறுத்துகிறது. அன்றைய ஈரான் யாருடைய குடியேற்ற நாடும் அல்ல. அவர் கேட்டது ஷாவின் விருப்பத்துக்குச் சட்டம் போடும் வேலி. ஆசாதியைப் பொதுவாகச் சொல்லும் இடத்தில் 'சுதந்திரம்' போதும். தனியாள், அச்சகம், பேச்சு என்று அவர் ஹுர்ரியத்தை எண்ணிக்கொண்டு போகும்போது 'உரிமை'தான் பொருந்தும். பேச்சுரிமை என்கிறோம், பேச்சு விடுதலை என்று எவரும் சொல்வதில்லை.